தேநீர்க் கடைத் தீர்ப்புகள்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டின் கடைசி ஊர்களுள் ஒன்று ஆரம்பாக்கம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைக் கடந்து வடக்கே வந்தால் இந்த ஊர். இதையும் கடந்தால் ஆந்திர எல்லை. எல்லைக்கு அப்பால் தடா, ஸ்ரீசிட்டி. மாலையில் ஷிப்டு முடிந்து திரும்புவோர் இறங்கும் இடத்தில் தேநீர்க் கடைகளுக்குப் பஞ்சமில்லை. தேநீர் இருக்கும் இடத்தில் தீர்ப்புகளுக்கும் பஞ்சமில்லை.

அத்தகைய ஒரு கடையில் ஓர் இளைஞர் தம் கைப்பேசியை மேசைமேல் வைத்தார். அதன் முதுகு எண்ணெயில் போட்ட பூரியைப் போல் உப்பியிருந்தது. வாங்கி இரண்டு ஆண்டு ஆகவில்லையாம். சுற்றியிருந்த நால்வரும் ஆளுக்கொரு தீர்ப்பு வழங்கினர்.

“வேணும்னே ரெண்டு வருஷத்துல கெட்டுப்போற மாதிரிதான் செய்யறான், அண்ணே.”

“அவன் டப்பா மேல போட்டிருக்கிற கணக்கே பொய். பவர்பேங்க் வாங்கினேனே, பாதிதான் ஏறுது.”

“சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்காதே தம்பி, வெடிச்சிடும். இந்த போனுங்க எல்லாமே அப்படித்தான்.”

“கம்பெனி மேல கேஸ் போட்டா ஆகப்போறது என்ன? வக்கீல் பீஸுக்கு நாலு போன் வாங்கலாம்.”

இத்தீர்ப்புகள் ஆரம்பாக்கத்துக்கு மட்டும் உரியவை அல்ல. நாடெங்கும் கேட்கக் கூடியவையே. ஆனால் இவ்வூரில் கேட்கும்போது ஒரு வேடிக்கை உண்டு. 2015 ஆகஸ்டில் பாக்ஸ்கான் நிறுவனம் ஷியோமி கைப்பேசிகளைக் கூட்டிச் சேர்க்கும் பணியைத் தொடங்கியது பக்கத்து ஸ்ரீசிட்டியில்தான். இப்பகுதியில் இத்தகைய வேலைக்குச் செல்லும் ஆணும் பெண்ணும் பலர். கூட்டிணைக்கும் வரிசையில் எந்தப் போனும் “பார்க்க நன்றாயிருக்கிறது” என்பதற்காக அடுத்த மேசைக்குச் செல்வதில்லை. மின்னழுத்தம் இவ்வளவு, மின்னோட்டம் இவ்வளவு, ஒலி இவ்வளவு என்று கருவி காட்டினால்தான் நகரும். பகலெல்லாம் அளந்து பார்க்கும் கைகள் மாலையில் தேநீர்க் கோப்பையைப் பிடித்ததும் அளவை மறந்துவிடுவது ஏன்?

மேற்கண்ட நான்கு தீர்ப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். அவற்றுள் உண்மையும் உண்டு, பிழையும் உண்டு. எது எங்கே என்று பிரித்தறிவது வெறும் பொழுதுபோக்கன்று. உப்பிய போனுடன் நிற்கும் அந்த இளைஞருக்குப் பணம் திரும்புமா திரும்பாதா என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

வேண்டுமென்றே கெடுக்கிறார்களா?

முதல் தீர்ப்பை வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. அப்படி ஒரு சதி உண்மையிலேயே நடந்திருக்கிறது. 1924 ஆம் ஆண்டு டிசம்பரில் ஜெனீவா நகரில் உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஜெர்மனியின் ஆஸ்ராம், ஹாலந்தின் பிலிப்ஸ் முதலியவை அதில் இருந்தன. “பீபஸ்” என்பது அக்கூட்டணியின் பெயர். குண்டு பல்பு 1,000 மணி நேரம் எரிந்தால் போதும் என்று அவை முடிவு செய்தன. அதற்கு முன் 1,500 மணியும் அதற்கு மேலும் எரிந்த பல்புகள் கடையில் இருந்தன. உறுப்பு நிறுவனங்கள் தங்கள் பல்புகளைச் சுவிட்சர்லாந்திலிருந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவேண்டும். வரம்புக்கு மேல் எரியும் பல்பைச் செய்த நிறுவனம் அபராதம் கட்டவேண்டும்! இரண்டாம் உலகப்போர் மூண்டபோது கூட்டணி குலைந்தது.

இங்கே இரண்டு செய்திகளை மாணவர்கள் கவனிக்க வேண்டும். முதலாவது, இந்தச் சதி நமக்குத் தெரியவந்தது யாரோ சந்தேகப்பட்டதால் மட்டும் அன்று; எத்தனை மணி எரிந்தது, எவ்வளவு அபராதம் என்று ஏட்டில் எழுதப்பட்டிருந்ததால் தெரியவந்தது. இரண்டாவது, பல்பின் ஆயுளைக் கூட்ட ஓர் எளிய வழி, இழையின் வெப்பத்தைக் குறைப்பது. வெப்பம் குறைந்தால் இழை நெடுநாள் நிற்கும். ஆனால் அதே மின்சாரத்துக்கு ஒளி குறையும். ஆகவே 1,000 மணி என்பதற்குப் பொறியியல் நியாயமும் ஓரளவு இருந்தது. 1951 இல் இங்கிலாந்து அரசின் ஏகபோகத் தடுப்பு ஆணையமே இதை ஒப்புக்கொண்டது. சதியும் நியாயமும் ஒரே பல்புக்குள் இருந்தன என்பதே உண்மை.

அண்மைக் காலத்துக்கு வருவோம். “புதிய போன் வந்ததும் பழைய போன் மெதுவாகிவிடுகிறது” என்று ஆப்பிள் போன் வைத்திருந்தவர்கள் பல்லாண்டு முணுமுணுத்தார்கள். அது முணுமுணுப்பாகவே இருந்தது. 2017 டிசம்பரில், கணிப்பொறிகளின் வேகத்தை அளக்கும் மென்பொருள் ஒன்றை உருவாக்கியவர், பல போன்களிலிருந்து வந்த அளவுகளை வரைபடமாக வெளியிட்டார். போனின் மென்பொருள் மாறிய இடத்தில் வேகமும் மாறியிருப்பது படத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. சில நாட்களிலேயே, டிசம்பர் 20 அன்று, நிறுவனம் ஒப்புக்கொண்டது. பல ஆண்டு முணுமுணுப்பு செய்யாததை ஒரு வரைபடம் செய்துவிட்டது.

நிறுவனம் கூறிய காரணம் பள்ளி இயற்பியலே. ஒவ்வொரு பாட்டரிக்கும் அகத்தடை உண்டு; வயதாக ஆக அது கூடும். புதிய பாட்டரியின் அகத்தடை 0.1 ஓம் என்றும், பழையதில் அது 0.3 ஓம் என்றும் கொள்வோம். போன் திடீரென 2 ஆம்பியர் இழுத்தால், புதியதில் குறையும் மின்னழுத்தம் 0.2 வோல்ட், பழையதில் 0.6 வோல்ட். 3.7 வோல்ட்டிலிருந்து 0.6 போனால் 3.1 மட்டுமே மிச்சம். இது போதாமல் போன் அணைந்துவிடலாம். அணையாமல் காக்கவே செயலியின் வேகத்தைக் குறைத்தோம் என்றது நிறுவனம்.

இது பொய்யன்று. ஆனால் இதை வாங்கியவரிடம் சொல்லவில்லை. புது பாட்டரி மாற்றினால் போதும் என்று தெரியாமல் எத்தனையோ பேர் புதுப் போனே வாங்கியிருப்பார்கள். 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் நாட்டு அதிகாரிகள் இதற்காக 2.5 கோடி யூரோ அபராதம் பெற்றனர். மெதுவாக்கியதற்கு அன்று, மெதுவாகும் என்பதைச் சொல்லாமல் மறைத்ததற்கு. சட்டத்தின் கண் எங்கே விழுகிறது என்பதை இதிலிருந்து அறியலாம். “கெடுத்தான்” என்பதை நிறுவுவது கடினம். “மறைத்தான்” என்பதை நிறுவுவது எளிது.

மேசைமேல் இருந்த போனுக்கு இது பொருந்துமா? லித்தியம் அயனி பாட்டரி எவ்வளவு கவனமாகச் செய்தாலும் தேயும். நூற்றுக்கணக்கான முறை ஏற்றி இறக்கிய பின் கொள்ளளவு குறைவது அதன் இயல்பு. வெப்பம் இதை விரைவுபடுத்தும். வெப்பம் 10 பாகை கூடினால் வேதி வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொது விதி. கத்திரி வெயிலில் மோட்டார் சைக்கிளின் முன்பெட்டியில் கிடக்கும் போனுக்கு ஆயுள் குறைவது நிறுவனத்தின் சதியன்று. ஆனால் உப்புதல் வேறு. உள்ளே மின்பகு திரவம் சிதைந்து வாயு உண்டாகியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். காரணம் தயாரிப்புக் குறையாகவும் இருக்கலாம். தரமற்ற சார்ஜராகவும் இருக்கலாம். கடும் வெப்பமாகவும் இருக்கலாம். எது என்று பார்த்தவுடன் சொல்ல யாராலும் இயலாது. சோதனை வேண்டும்.

டப்பாவில் உள்ள கணக்கு

இரண்டாவது தீர்ப்பு பவர்பேங்க் பற்றியது. “10,000 மில்லி ஆம்பியர்-மணி” என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. போனின் பாட்டரி 5,000. ஆகவே இரண்டு முறை முழுமையாக ஏறவேண்டும். ஒன்றரை முறைதான் ஏறுகிறது. ஏமாற்று என்பது தீர்ப்பு. நானும் ஒரு காலத்தில் இதே தீர்ப்பை வழங்கியவன்தான். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் வழியில் கணக்குப் போட்டுப் பார்த்ததால் தப்பித்தேன்.

மில்லி ஆம்பியர்-மணி என்பது ஆற்றலின் அளவன்று. குடத்தில் எவ்வளவு நீர் என்று சொல்வது போல் அது மின்னூட்டத்தை மட்டும் சொல்கிறது. எந்த உயரத்திலிருந்து விழுகிறது என்பதை, அதாவது மின்னழுத்தத்தை, சொல்வதில்லை. பவர்பேங்கின் உள்ளே இருக்கும் கலத்தின் அழுத்தம் 3.7 வோல்ட். ஆகவே ஆற்றல் 10 ஆம்பியர்-மணி × 3.7 = 37 வாட்-மணி. வெளியே வரும்போது இது 5 வோல்ட்டாக மாற்றப்படுகிறது. மாற்றத்தில் சுமார் 15 விழுக்காடு வெப்பமாகப் போகிறது என்றால் கிடைப்பது ஏறத்தாழ 31 வாட்-மணி. போனின் பாட்டரி 5 × 3.85, அதாவது சுமார் 19 வாட்-மணி. போனுக்குள் ஏறும்போதும் கொஞ்சம் இழப்பு உண்டு. வகுத்துப் பாருங்கள்: ஒன்றரை முறைதான் வரும்.

ஆகவே நிறுவனம் பொய் சொல்லவில்லை. ஆனால் நேர்மையாகவும் சொல்லவில்லை. வாங்குபவருக்குத் தேவையான எண், வெளியே எவ்வளவு கிடைக்கும் என்பது. பல பவர்பேங்குகளின் அடிப்புறத்தில் அது “ரேட்டட் கெப்பாசிட்டி” என்ற பெயரில் எறும்பு எழுத்தில் இருக்கும். பெரிய எழுத்து விற்பனைக்கு, சிறிய எழுத்து வழக்குக்கு! ஒருவர் தாம் வாங்கியதைச் சோதிக்க விரும்பினால், மலிவான யு.எஸ்.பி. அளவி ஒன்றைச் செருகி, கிடைக்கும் வாட்-மணியைக் குறித்துக்கொள்ளலாம். 31 வரவேண்டிய இடத்தில் 28 வந்தால் பெரிதுபடுத்த வேண்டாம். 12 வந்தால், இப்போது அது தேநீர்க் கடைப் பேச்சன்று, முறையீடு.

எல்லாப் போனும் வெடிக்குமா?

மூன்றாவது தீர்ப்பு அச்சத்தால் பிறந்தது. நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா நிறுவனம் 2006 இல் உற்பத்தியைத் தொடங்கிய தொழிற்சாலையைப் பலர் அறிவர். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. அது செழிப்பாக இயங்கிய காலத்தில், 2007 ஆகஸ்டு 14 அன்று, நோக்கியா உலகெங்கும் ஓர் அறிவிப்பு விடுத்தது. பி.எல்-5சி என்னும் பாட்டரிகளுள் 4 கோடியே 60 லட்சம், சார்ஜ் ஏறும்போது உட்குறுக்குச் சுற்றால் சூடாகலாம் என்றது அறிவிப்பு. இந்தியாவில் பீதி பரவியது. சேவை மையங்களில் கூட்டம் மொய்த்தது. “நோக்கியா போனெல்லாம் வெடிக்கும்” என்ற தீர்ப்பு ஊர்தோறும் வழங்கப்பட்டது.

அறிவிப்பைப் படித்தவர்களுக்கு வேறு செய்தி கிடைத்தது. பி.எல்-5சி பாட்டரிகளைப் பல நிறுவனங்கள் செய்தன. மொத்தம் 30 கோடிக்கு மேல். பழுதானவை ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை செய்தவை மட்டும். உலகெங்கும் சூடான நிகழ்ச்சிகள் அதுவரை சுமார் 100. பாட்டரியின் முதுகில் அச்சிட்டிருந்த 26 எழுத்துகளைப் பார்த்தால் தம்முடையது அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததா என்று அறியலாம். சேர்ந்ததென்றால் இலவசமாக மாற்றித் தரப்படும். “எல்லாம் வெடிக்கும்” என்றவர் நல்ல பாட்டரியையும் வீசினார். “ஒன்றும் ஆகாது” என்றவர் பழுதானதையே வைத்திருந்தார். 26 எழுத்துகளைப் படித்தவரே சரியாக நடந்துகொண்டார்.

2016 இல் சாம்சங் நிறுவனத்தின் கேலக்ஸி நோட் 7 போன்கள் தீப்பற்றியபோது காரணம் காணப்பட்ட விதமும் அறியத்தக்கது. ஏறத்தாழ 2 லட்சம் போன்களையும் 30 ஆயிரம் பாட்டரிகளையும் சோதனைக்கூடத்தில் ஏற்றி இறக்கினர். 2017 ஜனவரியில் முடிவு வெளியாயிற்று. இரண்டு நிறுவனங்களின் பாட்டரிகளில் இரண்டு வெவ்வேறு குறைகள். ஒன்றில் மின்வாய்த் தகடு மூலையில் வளைந்திருந்தது. மற்றொன்றில் பற்றவைத்த இடத்தில் உலோகப் பிசிறு. ஒரே மாதிரிப் போன், ஒரே மாதிரித் தீ, காரணம் இரண்டு. இதைக் கடையில் உட்கார்ந்து ஊகித்திருக்க முடியுமா?

இந்தியாவில் விற்கும் கைப்பேசி, பவர்பேங்க், சார்ஜர் போன்றவை இந்தியத் தர அமைவனத்தில் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 2012 ஆம் ஆண்டின் ஆணையில் தொடங்கிய விதிகள் கூறுகின்றன. பொருளின் மேல் “ஆர்” என்ற எழுத்தும் எட்டு இலக்கமும் இருக்கும். அமைவனத்தின் “பி.ஐ.எஸ். கேர்” செயலியில் அந்த எண்ணைத் தட்டினால், அது உண்மையான பதிவா, எந்த நிறுவனத்துக்குரியது என்று தெரியும். சாலையோரத்தில் நூறு ரூபாய்க்குச் சார்ஜர் வாங்கும்போது இந்த ஒரு நிமிடத்தை யாரும் செலவிடுவதில்லை. வெடித்த பிறகு நிறுவனத்தைத் திட்ட ஒரு மணி நேரம் செலவிடுகிறோம். உப்பிய பாட்டரியைக் குத்தக்கூடாது, அழுத்தக்கூடாது, சார்ஜ் ஏற்றக்கூடாது, குப்பைத்தொட்டியிலும் போடக்கூடாது. அந்த இளைஞர் முதலில் செய்யவேண்டியது இதுவே.

வழக்குப் போட்டால் ஆகப்போவது என்ன?

நான்காவது தீர்ப்புத்தான் மிகுந்த கேடு விளைவிப்பது. ஏனெனில் மற்ற மூன்றும் பேச்சோடு போகும், இதுவோ உரிமையையே கைவிடச் செய்கிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முதலில் வந்தது 1986 இல். அதன் இடத்தில் 2019 ஆம் ஆண்டுச் சட்டம், 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டப்படி, எதிர்த் தரப்பினர் இருக்கும் இடத்திலோ வழக்குக்குக் காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிட வேண்டும். பெங்களூரிலிருந்து தபாலில் வந்த போனுக்கு ஆரம்பாக்கத்துக்காரர் எங்கே அலைவது? புதிய சட்டம் முறையிடுபவர் வசிக்கும் இடத்திலேயே, அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே, மனுச் செய்யலாம் என்கிறது. திருவள்ளூரில் உள்ள மாவட்ட ஆணையம் போதும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. வழக்குரைஞர் வைத்துக்கொள்வது கட்டாயமில்லை; தாமே வாதாடலாம். இணையம் வழியே மனுச் செய்யும் வசதியும் 2020 முதல் உண்டு. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் செய்யவேண்டும் என்பதே முக்கியம். ஆகவே “நாலு போன் வாங்கலாம்” என்ற கணக்கு தவறு.

“வெளியே கொடுத்துப் பிரித்தால் வாரண்டி போச்சு” என்பதும் பாதி உண்மையே. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்காமல் அடைத்து வைத்ததும், வெளியே பழுது பார்த்தால் வாரண்டி இல்லை என்று மிரட்டியதும் போட்டிக்கு விரோதம் என்றது. மேல்முறையீடுகள் நடந்தாலும், பழுது பார்க்கும் உரிமை என்ற பேச்சுக்கு இந்தியாவில் இது பெரிய தூண். 2022 டிசம்பர் 24 அன்று மத்திய அரசு இதற்கென ஒரு வலைத்தளமும் தொடங்கியது. அது தகவல் தரும் தளமே, சட்டமன்று. மறுபுறம், பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டதோ மாற்றி அமைக்கப்பட்டதோ என்றால், அதனால் நேர்ந்த தீங்குக்கு விற்றவர்மேல் பொருள்-பொறுப்பு வழக்குத் தொடர முடியாது என்று 2019 சட்டத்தின் 87 ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே உப்பிய பாட்டரியைத் தெருமுனையில் பிரிப்பது வாரண்டியைக் கெடுப்பதைவிடச் சாட்சியத்தைக் கெடுப்பதே பெரிது.

சாட்சியம் என்றதும் என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிரைண்டர் வாங்கினேன். “பில் வேண்டாம்னா இருநூறு ரூபாய் குறைச்சுக்கலாம் சார்” என்றார் கடைக்காரர். குறைத்துக்கொண்டேன். நாலாம் மாதம் மோட்டார் புகைந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்ததே இல்லை என்றார். நான் யாரிடம் என்ன சொல்வது? இருநூறு ரூபாய்க்கு என் சட்டத்தையே விற்றுவிட்டிருந்தேன். சட்டம் பயனற்றது என்று அன்று நானும் நாலு பேரிடம் சொன்னேன். பயனற்றது சட்டமன்று, என் கை.

சட்டத்தின் குறைகள்

இதனால் சட்டம் முழுமையானது என்று கூற வரவில்லை. அதன்மேலும் குற்றச்சாட்டுகள் உண்டு. அவையும் ஊகத்தால் அன்றிப் படித்துப் பார்த்தே சொல்லத்தக்கவை.

முதலாவது, சோதனைச் செலவு. பொருளின் குறையைச் சோதனை இல்லாமல் தீர்மானிக்க முடியாதபோது, ஆணையம் அதை உரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கான கட்டணத்தை முறையிட்டவரே முதலில் கட்டவேண்டும் என்று சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பத்தாயிரம் ரூபாய்ப் போனுக்கு அந்தச் செலவைத் தாங்குபவர் யார்? சோதனை வசதிகளையெல்லாம் கையில் வைத்திருப்பது நிறுவனம். நிரூபிக்கும் சுமையோ அந்த இளைஞர் தலையில்.

இரண்டாவது, காலம். சோதனை தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், தேவையானதை 5 மாதத்திலும் முடிக்க முயலவேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வதை அனுபவப்பட்டோர் அறிவர். போனின் ஆயுளைவிட வழக்கின் ஆயுள் நீண்டால், நான்காவது தீர்ப்பைச் சொன்னவரை முழுதும் குறை கூற முடியாது.

மூன்றாவது, மொழி. இதுவே மிகப் பெரியது. சரியாகப் பயன்படுத்தும் விதத்தையும் தீங்கு பற்றிய எச்சரிக்கையையும் போதிய அளவு தராவிட்டால், அதனால் நேரும் தீங்குக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு என்று 84 ஆம் பிரிவு கூறுகிறது. எந்த மொழியில் தரவேண்டும் என்று அது கூறவில்லை. பொட்டலப் பொருள்களின் 2011 ஆம் ஆண்டு விதிகளோ, கட்டாயத் தகவல்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கவேண்டும் என்கின்றன. தமிழ் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவே. தமிழ் மட்டும் படித்த தாய், குழந்தையின் பக்கத்தில் சார்ஜ் போடுகிறாள். “45 பாகைக்கு மேல் சார்ஜ் செய்யாதே, தலையணையின் கீழ் வைக்காதே” என்ற எச்சரிக்கை பெட்டிக்குள் மடித்த தாளில், அவள் படிக்காத மொழியில், கடுகு எழுத்தில் இருக்கிறது. இது போதிய எச்சரிக்கையா? தமிழ்நாட்டின் எல்லையில் கூட்டிச் சேர்க்கும் போனுக்குள் நான்கு வரி தமிழ் அச்சிட ஆகும் செலவு எவ்வளவு இருந்துவிடும்? தேநீர்க் கடையில் வதந்தி பரவுவதற்கு மக்களின் அறியாமை மட்டும் காரணமன்று. படிக்கக்கூடிய மொழியில் உண்மை கிடைக்காத இடத்தில் வதந்தி குடியேறுகிறது.

நாம் செய்யக்கூடியது

சந்தேகப்படுவது குற்றமன்று, அறிவியலே சந்தேகத்தில்தான் பிறக்கிறது. ஆனால் அறிவியல் அங்கேயே நின்றுவிடுவதில்லை. பீபஸ் கூட்டணியைக் காட்டிக்கொடுத்தது ஏடு. ஆப்பிளை ஒப்புக்கொள்ளச் செய்தது வரைபடம். பழுதான நோக்கியா பாட்டரியைப் பிரித்துக் காட்டியது 26 எழுத்து. நிறுவனங்கள் நம் கோபத்துக்கு அஞ்சுவதில்லை. தேதியிட்ட அளவுக்கு அஞ்சுகின்றன.

இந்தப் பகுதியின் பள்ளி மாணவர்கள் ஒரு சிறு பணியை மேற்கொள்ளலாம். வீட்டில் உள்ள மின்கருவிகளுக்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாங்கிய தேதி, கடை, மாதிரி எண், வரிசை எண், “ஆர்” எண் ஆகியவற்றை எழுதுங்கள். பில்லை ஒட்டுங்கள், வெப்பத் தாளில் அச்சிட்ட பில் ஓராண்டில் மங்கிவிடும் என்பதால் படமெடுத்தும் வையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் எச்சரிக்கைத் தாளை அம்மாவுக்கும் பாட்டிக்கும் தமிழில் படித்துக் காட்டி, அந்தத் தமிழை அதே பக்கத்தில் எழுதுங்கள். குறை தெரிந்த நாளில் தேதியோடு குறியுங்கள்.

உப்பிய போனை வைத்திருந்த இளைஞரிடம், “பில் இருக்கிறதா, தம்பி?” என்று கேட்டேன். போனிலேயே படமெடுத்து வைத்திருப்பதாகச் சொன்னார். “அந்தப் போனைத் திறக்காமல் பில்லை எப்படி எடுப்பது?” என்றதும் மேசையில் எல்லோரும் சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, வாங்கிய அன்றே தங்கைக்கும் ஒரு படம் அனுப்பியதாக நினைவு என்றார். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். வாங்கி இரண்டு ஆண்டு நிறைய இன்னும் ஏழு வாரம் இருந்தது.